தண்டம் போட்ட வண்டி

ஹாஜிரா பீக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது ஒரு குற்றமில்லை. தனக்குத் தெரியாததைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லத் தெரியும் என்பதுதான் அவளிடம் இருந்த கோளாறு. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் லாரி இத்தனை மணிக்கு வரும் என்று அவள் அடித்துச் சொன்னால், அந்த நேரத்துக்கு எல்லாரும் நிம்மதியாகக் குடத்தை உள்ளே வைத்துவிட்டுக் குளிக்கப் போவார்கள். லாரி வராது என்று அவ்வளவு நம்பிக்கை.

அவளுடைய புருஷன் குலாம் ரசூல் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற பண்டாரி. தியாகராய நகரில் துணிக்கடைகளுக்குப் பின்பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசல் உண்டு. கடைகளில் வேலை செய்கிற ஆட்கள் நோன்பு திறக்க அங்கேதான் வருவார்கள். நோன்பு மாசம் முப்பது நாளும் அந்தப் பள்ளிக்குக் கஞ்சி காய்ச்சுவது குலாம் ரசூல்தான். அவர் மவுத்தான பிறகு கமிட்டியார் வேறு பண்டாரியைத் தேடப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், ஹாஜிரா பீ பர்தாவை மாட்டிக்கொண்டு பள்ளியின் கேட்டில் போய் நின்றாள்.

"அவரு கிளறினாரு, அவ்ளோதான். அரிசி எவ்ளோ, பருப்பு எவ்ளோ, வெந்தயம் எப்போ போடணும், எல்லாம் நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும்" என்றாள்.

அதில் பாதி பொய். முதல் வருஷம் முதல் நாளே கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. "புகை வாசம் நல்லாத்தான் கீது" என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அது தன் கைப்பக்குவம் என்று பேர் பண்ணிக்கொண்டாள். ஆச்சு, பதினோரு வருஷம். அந்தப் பெரிய செம்புத் தேக்சாவும் ஆள் உயரக் கரண்டியும் அவள் கையிலேயே நின்றுவிட்டன. பிள்ளை குட்டி இல்லை. வருஷத்தில் பதினோரு மாசம் அவள் யாரோ ஒரு கிழவி. அந்த ஒரு மாசம் மட்டும் நானூறு பேர் அவளை எதிர்பார்த்துக் கையில் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சத்தமாகச் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

இதில் ஒரு சங்கதி உண்டு. காய்ச்சுகிறவளுக்கும் நோன்பு. அதனால் ருசி பார்க்க முடியாது. நாக்கில் வைத்துத் துப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். ஹாஜிரா பீ பிடிவாதக்காரி, அதெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டாள். நாலு வீடு தள்ளி இருக்கிற இசக்கியம்மாள்தான் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து உப்பு பார்ப்பாள். அவள் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் கனகராஜ் சந்து முனையில் மெக்கானிக் கடை வைத்திருந்தான். அவள் வருகிற வரைக்கும் தேக்சாவில் ஒரு கல் உப்பு விழாது. வந்து, ஒரு கிண்ணத்தில் வாங்கி, கண்ணை மூடிக் குடித்து, "மூணு கை போடுங்கக்கா" என்பாள். போட்டுக் கிளறியதும் இன்னொரு கிண்ணம். "இன்னும் அரைக் கை." அதற்குப் பிறகுதான் மூடி போடுவது. நானூறு பேருடைய நோன்பு தன் நாக்கில்தான் திறக்கிறது என்று இசக்கியம்மாளுக்கு உள்ளூர ஒரு கர்வம். பள்ளியில் இது ஒருத்தருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் தேக்சாவைப் பள்ளி வாசலிலேயே அடுப்பில் ஏற்றுவார்கள். இந்த வருஷம் மாடி எழுப்புகிறோம் என்று வாசலை முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். வீட்டில் காய்ச்சிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அதற்கென்ன என்று ஹாஜிரா பீ உடனே தலையாட்டினாள். ஆட்டுகிறபோது ரோட்டைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

அவள் தம்பி அமீனிடம் ஒரு மீன்பாடி வண்டி இருந்தது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் பலகைக்கு அடியில் ரெண்டு சக்கரம், நடுவில் ஏதோ பழைய பைக்கின் இஞ்சின். நொச்சிக்குப்பத்து ஆள் ஒருவரிடம் வாங்கியது. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் வெயில் ஏறினால் சங்கரா மீன் தன் வாசத்தைக் காட்டிவிடும். அதில் தேக்சாவை ஏற்றிக்கொண்டு, லஸ் முனையில் மெட்ரோக்காரர்கள் போட்டிருக்கிற இரும்புத் தகடுகளைத் தாண்டி, எல்டாம்ஸ் ரோடு போய், மவுண்ட் ரோட்டைக் கடந்து, பாண்டி பஜாருக்குள் நுழைய வேண்டும். அதற்குள் எத்தனை பள்ளம், எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று எண்ண ஆரம்பித்தால் நோன்பே திறந்துவிடும்.

முதல் நாள் நாலில் ஒரு பங்கு கஞ்சி ரோட்டில். இரண்டாம் நாள் மூடியைச் சுற்றித் துணி கட்டினாள். துணி கஞ்சி குடித்தது. மூன்றாம் நாள் தம் பிரியாணிக்கு வைக்கிற மாதிரி கோதுமை மாவால் மூடியை ஒட்டினாள். இரண்டாவது ஸ்பீடு பிரேக்கரில் மாவு பெயர்ந்து, மூடி எம்பி, அமீனின் பின்மண்டையில் தட்டியது.

"ஆபா, நாலு சின்னக் குண்டான்ல ஊத்திக்கினு போலாமே" என்றான் அமீன்.

"தேக்சாக் கஞ்சி தேக்சாலதான் போவணும். குண்டான்ல போனா அது வீட்டுக் கஞ்சி."

அவன் பேச்சை அன்றைக்கே கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஹாஜிரா பீ அன்றைக்கே கேட்கிற ஜாதியில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளியின் செயலாளர் அப்துல் கய்யூம், கஞ்சி கிடைக்காத ஆட்களுக்கு டீக்கடையில் இருந்து டீ வாங்கிக் கொடுத்தார். குலாம் ரசூலின் பழைய கூட்டாளி அவர். அதனால் ஹாஜிரா பீயை அண்ணி முறை வைத்து 'பாபி' என்று கூப்பிடுவார். ராத்திரி அவரே போன் பண்ணினார்.

"பாபி, நான் உங்களை ஒண்ணும் குத்தம் சொல்லலே. கேட்டரிங்காரன் ஒருத்தன் கப்புல ஊத்தி, மேல பேப்பர் ஒட்டி, பெட்டில வெச்சுக் கொண்டாந்து தரேன்றான். கமிட்டில எல்லாரும் அதான் சொல்றாங்க. இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். அன்னிக்கும் கொறஞ்சா, சனிக்கிழமைலேர்ந்து கப்புதான்."

"கப்பா" என்றாள் ஹாஜிரா பீ. அதற்கு மேல் அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சந்தில் இருந்தவர்களுக்கு அதுவே ஒரு அதிசயம்.

மறுநாள் காலையில் கனகராஜ் கடைக்குப் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கனகராஜ் முன்பு ரோடு போடுகிற கம்பெனியில் பெரிய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவன். பேச்சில் ஊர் வாடை இன்னும் போகவில்லை. வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"ரோட்டைத் தட்டுத வண்டி பாத்திருக்கியளா, பாயம்மா? பள்ளம் மேட்டுல ஓடிக்கிட்டே ரோட்டைச் சமமா வழிச்சுக்கிட்டுப் போகும். அதுக்குப் பின்னால ரெண்டு ரெண்டு சக்கரமா ஜோடி போட்டுருக்கும். அதான் அது குதிக்காது. டேண்டம் சஸ்பென்ஷன்னு பேரு. அதை இதுல செஞ்சு தாரேன்."

"இன்னாது, தண்டமா?"

"டேண்டம்."

"அதான் நானும் சொல்றேன். தண்டம்னு நீயே பேரு வெச்சுட்டு, அதைக் கொண்டாந்து என் வண்டில மாட்டப் போறியா? அது கூட சஸ்பெண்டு வேற. என் நாத்தனார் புருஷனை ஆபீஸ்ல சஸ்பெண்டு பண்ணாங்க. ஆறு மாசம் வூட்லயே குந்திக்கினு இருந்தாரு."

கனகராஜ் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். கையில் இருந்த ஸ்பேனரை ஆள்காட்டி விரல் மேல் படுக்க வைத்தான். அது ரெண்டு பக்கமும் சமமாக நின்றது.

"இந்த ஸ்பேனர் ஒரு இரும்புக் கட்டைன்னு வச்சுக்கிடுங்க. இந்த முனையில ஒரு சக்கரம், அந்த முனையில ஒரு சக்கரம். நடுவுல என் விரல் இருக்குல்லா, அதுதான் உங்க பழைய அச்சு. வண்டியோட பாரம் பூரா இங்கதான் உக்காரும். இப்பம் முன்சக்கரம் ஒரு மேட்டுல ஏறுது. இந்த முனை தூக்கும், அந்த முனை தாழும். நடுவுல பாதிதான் தூக்கும். அரை அடி மேடு உங்க கஞ்சிக்குக் கால் அடிதான்."

காபியோடு வந்த இசக்கியம்மாள், "பார்க்குல புள்ளைய சீசா ஆடுதுல்லா, அதான்க்கா" என்றாள். பிறகு நோன்பு ஞாபகம் வந்து காபியைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இஞ்சின் சங்கிலி?" என்று கேட்டான் அமீன்.

"அது பழைய அச்சைத்தான் சுத்தும். அச்சுல இருந்து ஒரு குட்டிச் சங்கிலி பின்சக்கரத்துக்குப் போட்டுருதேன். கட்டை ஆடினாலும் நடு அச்சு நவுராதுல்லா, சங்கிலி தொய்யாது."

ஹாஜிரா பீ எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு முழுக்கப் புரிந்தது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. கட்டை ஆடும் என்பதுதான் அந்த ஒரே விஷயம்.

அன்றைக்கே சந்து முழுக்கச் செய்தி போய்விட்டது. "என் வண்டிக்குத் தண்டம் போடறேன்" என்று காய்கறி வாங்குகிற இடத்தில் எல்லாம் சொன்னாள். போலீஸ்காரன் தண்டம் போட்டுவிட்டான் என்று நினைத்து ரெண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள்.

கனகராஜ் மூன்று நாள் வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தான். அந்த மூன்று நாளும் ஒரு லோடு ஆட்டோவை வைத்துக் கஞ்சி போனது. அதிலும் சிந்தியது. மூன்றாம் நாள் அந்த டிரைவர், "அம்மா, உன் கஞ்சில பாதி என் வண்டிதான் குடிக்குது, நாளைலேர்ந்து வேற ஆள் பாத்துக்கோ" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்கு ராத்திரி கனகராஜ் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பின்னால் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு என்று நாலு சக்கரம். பார்க்க ரயில் பெட்டி மாதிரி இருந்தது. நாளைக் காலையில் ஒரு பேரிங் வாங்க வேண்டும், பாடியில் இருக்கிற கடை வரைக்கும் போகிறேன், மத்தியானம் வந்து இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். "ஆடும், பாயம்மா. ஆடட்டும், தொடாதிய" என்றும் சொன்னான். அந்த நேரம் ஹாஜிரா பீ, அமீன் கால் துடைக்காமல் உள்ளே போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை. சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவள் தூங்காமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெளிச்சம் வந்ததும் இரும்புக் கட்டையின் ஒரு முனையைக் காலால் மிதித்துப் பார்த்தாள். கடக் என்று தாழ்ந்தது. விட்டாள். கடக் என்று எழுந்தது. அந்தப் பக்கம் போய் மிதித்தாள். அதுவும் கடக்.

குனிந்து கையாலும் அசைத்துப் பார்த்தாள், ஆடத்தான் செய்தது.

கல்யாணம் ஆகி வந்த முதல் வாரமே குலாம் ரசூல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: ஆடுகிற அடுப்பில் தேக்சாவை ஏற்றாதே. மூன்று கல்லில் ஒன்று லேசாக ஆடினாலும், ஒரு ஓட்டுச் சில்லைத் தேடி அடியில் செருகி, தேக்சாவை ரெண்டு கையாலும் அசைத்துப் பார்த்து, அது மலை மாதிரி நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் தீ மூட்டுவாள். ஆடினால் சிந்தும். நாற்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் அவள் வண்டியில் செருகினாள்.

"கனகு கட்டைல மாட்டின பின்னை முடுக்க மறந்துட்டான்" என்று தீர்மானித்தாள். அமீனை எழுப்பி, வண்டியைத் தள்ளச் சொல்லி, பக்கத்துத் தெருவில் இருக்கிற ஹனீஃபாவின் கிரில் கடைக்குப் போனாள். ஹனீஃபா ஜன்னல் கம்பி பற்றவைக்கிறவர். குனிந்து பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"ஆபா, இது ஆடறதுக்குன்னே வெச்ச மாதிரி கீது. உள்ளே புஷ்ஷெல்லாம் போட்டு கிரீஸ் அடிச்சிருக்கான்."

"தேக்சா வெக்கறது நீயா, நானா?"

"நீதான்."

"அப்போ நாலு பக்கமும் நல்லா கெட்டியா வெல்டிங் வெய்யி."

ஹனீஃபா கெட்டியாக வைத்தார். அவர் வேலை எப்போதும் கெட்டி. ஹாஜிரா பீ ஏறி மிதித்தாள். கட்டை அசையவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. திரும்பி வருகிறபோது முனையில் வண்டி திரும்ப மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. நாலு சக்கரமும் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு அழுதன. "புதுசு, பழகட்டும்" என்றாள்.

அன்றைக்கு நாலரை மணிக்கு தேக்சா நிறையக் கஞ்சியோடு அமீன் கிளம்பினான். நடந்ததை அவனே வந்து சொன்னான்.

"ஆபா, முன்னெல்லாம் ஒரு மேட்டுக்கு ஒரு குதிதான். இப்போ ரெண்டு. முன்னாடி சக்கரம் ஏறச்சொல்லோ ஒண்ணு, பின்னாடி சக்கரம் ஏறச்சொல்லோ ஒண்ணு. லஸ்ஸாண்ட அந்தத் தகடுல ஏறினேன் பாரு, தேக்சா தொழுவற மாதிரி குனிஞ்சுது. நிமிரவே இல்ல."

பாதிக்குக் கீழே போன தேக்சாவோடு அவன் பள்ளியின் கேட்டில் நின்றபோது, கய்யூம் பாய் உள்ளே எட்டிப் பார்த்தாராம்.

"மீதிக் கஞ்சி எங்கே, அமீன்?"

"என் முதுகுல கீது, பாய்."

சட்டையைக் கழற்றிக் காட்டியிருக்கிறான். நல்லவேளை, உள்ளே பனியனும் அதற்கு உள்ளே இன்னொரு பனியனும் போடுகிறவன், சூடு தெரியவில்லை. கய்யூம் பாய் சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொன்னாராம்.

ஹாஜிரா பீ நோன்பு திறந்த பேரீச்சம்பழத்தின் கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கனகராஜ் கடையின் ஸ்டூலில் மறுபடி வந்து உட்கார்ந்தாள். கனகராஜுக்கு விஷயம் தெரியாது. முந்தின நாள் பாடியில் பேரிங் கிடைக்காமல் அலைந்து, இருட்டிய பிறகுதான் வந்திருந்தான்.

"எப்படிப் போச்சு, பாயம்மா?"

"கனகு, உன் பொண்டாட்டி எங்கே?"

"உள்ள இருக்கா. ஏன்?"

"அவளையும் கூப்புடு. ஒரு தடவைதான் சொல்வேன். ரெண்டாவது தடவை சொல்ற அளவுக்கு எனக்கு மானம் பாக்கி இல்ல."

இசக்கியம்மாள் வந்ததும் சொன்னாள். கட்டை ஆடியதையும், தான் மிதித்ததையும், ஹனீஃபா தாடியைச் சொறிந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். கனகராஜ் எழுந்து போய் வண்டிக்கு அடியில் பார்த்தான். வெல்டிங்கைத் தடவிப் பார்த்தான். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று ஹாஜிரா பீக்குத் தெரியவில்லை.

"ஆடுததுக்குத்தானம்மா நான் மூணு நாளா மல்லாந்து கெடந்தேன்" என்றான் திரும்பி. "நீங்க கேட்டதே அந்த ஆட்டம்தான். அதை வாங்கிட்டுப் போயி பூட்டுப் போட்டுட்டு வந்திருக்கிய."

"அடுப்புதான் ஆடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். சக்கரம் ஆடலாம்னு எனக்கு யாரும் சொல்லலே."

"நான் சொன்னேன்லா?"

"நீ சொல்லச்சொல்லோ நான் பேசிக்கினு இருந்தேன்."

இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எக்கா, இத மாதிரி நீங்களா ஒத்துக்கிடுதது இதுதான் மொத தடவை. நோன்பா இருக்கங்காட்டியா?"

"சிரிடி, சிரி. நாளைக்குக் கப்பு வந்தா உன் நாக்குக்கும் வேலை இல்ல."

அதைக் கேட்டதும் இசக்கியம்மாளுடைய சிரிப்பு நின்றது. புருஷனைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய, மிஷினை எடுங்க" என்றாள்.

கட்டிங் மிஷின் அலறியது. ஹனீஃபா வைத்த வெல்டிங்கை அறுக்க மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. அவ்வளவு கெட்டி. ஒரு பின் வளைந்துவிட்டது, அதற்குப் புதுசு கடைய சைதாப்பேட்டைக்கு அமீன் ஓடினான். ஹாஜிரா பீ ஒரு கால் அடுப்படியில், ஒரு கால் கடையில் என்று அலைந்தாள். அரிசியையும் பருப்பையும் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பாள். கறி போட்டுவிட்டு ஓடிவருவாள். தேங்காய்ப்பால் ஊற்றிவிட்டு ஓடிவந்தபோது மணி நாலு. கனகராஜ் பின்னைச் செருகி, கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, நீ பலகை மேல ஏறி நில்லு" என்றான் பொண்டாட்டியிடம்.

"நானா?"

"தேக்சா கனத்துக்கு வேற யாரு இருக்கா இங்க?"

இசக்கியம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினாள். கையில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பிய ஒரு சொம்பைக் கொடுத்தான். ரோட்டில் செங்கல் ரெண்டை வைத்து, அமீனை வண்டியை அதன் மேல் விடச் சொன்னான். சந்தே வாசலுக்கு வந்து நின்றது. ஹாஜிரா பீ ரோட்டில் உட்கார்ந்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

கட்டையின் முன்சக்கரம் செங்கல் மேல் ஏறியது. கட்டை சாய்ந்தது. பின்சக்கரம் தரையிலேயே இருந்தது. நடு அச்சு, யாரோ மெதுவாக மூச்சு இழுத்த மாதிரி கொஞ்சம் எழும்பியது. முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் ஏறியது, கட்டை இந்தப் பக்கம் சாய்ந்தது. இசக்கியம்மாள் கையில் இருந்த சொம்பு தளும்பியது. சிந்தவில்லை.

"ஆடிக்கினேதான் கீது" என்றாள் ஹாஜிரா பீ, தரையில் இருந்தபடியே. "கீழே அது ஆடறதாலதான் மேல இவ ஆடலே."

"இதத்தான் பாயம்மா ஸ்பேனரை வச்சுக் காட்டினேன்" என்றான் கனகராஜ்.

"ஸ்பேனர்ல யாரு கஞ்சி வெச்சுக் காட்டினா?"

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. இசக்கியம்மாளும் இறங்குகிற மாதிரி இல்லை. நாலேமுக்கால் ஆனது. "ஆபா, நேரமாச்சு" என்று அமீன் கத்திய பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். தேக்சாவுக்கு மூடி போட்டு, ஆறு பேர் சேர்ந்து தூக்கிப் பலகையில் வைத்தார்கள்.

அன்றைக்கு ஹாஜிரா பீயும் கூடவே ஏறிக்கொண்டாள். தேக்சாவுக்குப் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, பழைய துணியைச் சுற்றி மூடியின் மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டாள். லஸ் முனையில் தகடு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொன்னாள். அடியில் கடக், கடக் என்று கேட்டது. நேற்றுக் காலையில் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வெல்டிங் வைக்க ஓடினாள். இப்போது ஒவ்வொரு கடக்குக்கும் நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. எல்டாம்ஸ் ரோட்டு ஸ்பீடு பிரேக்கரில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். மவுண்ட் ரோட்டு சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக் ஆசாமி, "இன்னா நைனா, பஸ்ஸு சக்கரத்தைக் கயட்டி மாட்டிக்கினியா" என்று அமீனிடம் கேட்டான். அமீனுக்கு முன்னால் அவளே பதில் சொன்னாள்.

"தண்டம் சஸ்பெண்டு. உனக்குத் தெரியாது."

"டேண்டம், ஆபா" என்றான் அமீன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

பாங்கு சொல்ல எட்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டில் வந்து நின்றார்கள். கய்யூம் பாய் தாமே வந்து மூடியைத் தூக்கினார். ஆவி அடித்தது. கஞ்சி விளிம்புக்கு நாலு விரல் கீழே, காய்ச்சி இறக்கியது இறக்கிய மாதிரி நின்றது. அவர் எட்டிப் பார்த்தார், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார், பிறகு ஹாஜிரா பீயைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். "பாபி, ஒரு சொட்டு கொறையலே."

ஹாஜிரா பீ பர்தாவைச் சரி பண்ணிக்கொண்டாள். மணையை நகர்த்தி, தேக்சாவை இறக்க வழி விட்டாள்.

வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம் அதிகம். அத்தனை பேருக்கும் ஊற்றியும் தேக்சாவில் மீதி இருந்தது. பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் வாய்க்குப் போனது, தண்ணீர் போனது, பிறகு நானூறு கிண்ணங்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. கேட்டுக்கு வெளியே வண்டியின் பலகையில் உட்கார்ந்து, அந்த நானூறு பேரையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணங்கள் இறங்கின. பக்கத்தில் இருப்பவனை ஒவ்வொருத்தனும் ஒரு மாதிரி பார்த்தான். தொழுகைக்கு எழுகிற வரைக்கும் ஒரு பெரியவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கய்யூம் பாய் கையில் ஒரு கிண்ணத்தோடு மெல்ல வெளியே வந்தார்.

"பாபி, நீங்க நோன்பு திறந்துட்டீங்களா?"

"தண்ணி குடிச்சேன்."

"இதையும் கொஞ்சம் குடிங்க."

வாங்கி ஒரு மிடறு குடித்தாள். இஞ்சி இருந்தது. பூண்டு இருந்தது. வெந்தயம், கறி, தேங்காய்ப்பால் எல்லாம் அதது அளவில் இருந்தது. உப்பு மட்டும் இல்லை. குறைவாகக்கூட இல்லை. ஒரு கல் கூட இல்லை.

நாலு மணிக்கு இசக்கியம்மாள் தேக்சா பக்கத்தில் நிற்கவில்லை, தேக்சாவாக நின்றுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வந்து பார்த்திருப்பாள் என்று இவள் நினைத்தாள். கூப்பிட்டால் போகலாம் என்று அவள் நின்றாள். ரெண்டு பேர் கண்ணும் சக்கரத்தில் இருந்தது.

ஹாஜிரா பீ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முகத்தை மாற்றாமல் சொன்னாள்.

"கஞ்சி பத்திரமா வந்துடுச்சு, பாய். உப்பு மட்டும் வழில சிந்திடுச்சு போல."

அமீனுக்கு வாயில் இருந்த கஞ்சி மூக்கில் ஏறியது. கய்யூம் பாய் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். செயலாளர், வெள்ளிக்கிழமை, பள்ளி வாசல். முடியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்க் கடையில் இருந்து உப்புப் பொட்டலம் வந்தது. தொழுதுவிட்டு வந்தவர்கள் பொட்டலத்தைக் கைக்குக் கை மாற்றி, விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கிக்கொண்டார்கள். ரெண்டாவது கிண்ணம் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கஞ்சிக்கு உப்பு தேவையே இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் தன் கைப்பக்குவத்தில் சேர்த்திருப்பாள். ஒருத்தரும் சொல்லவில்லை.

"கேட்டரிங்காரனுக்குப் போன் பண்ணிக் கப்பு வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் கய்யூம் பாய், கிளம்புகிறபோது. "கமிட்டில கேட்டா வண்டியைக் காட்டறேன். ஆனா பாபி, உப்பு பாக்கறதுக்கு ஒரு ஆள் வெச்சுக்கோங்க."

"ஆள் கீது, பாய். பதினோரு வருஷமா கீது. இன்னிக்கு அவளைச் சக்கரத்துக்குக் கடன் குடுத்துட்டேன்."

சனிக்கிழமை விடிந்ததும் ஹாஜிரா பீ வாசலுக்கு வந்தாள். வண்டி சுவரோரம் நின்றிருந்தது. போகிற போக்கில் கட்டையைக் காலால் தட்டினாள். கடக். கை தானாகத் தரையில் ஓட்டுச் சில்லைத் தேடியது. ஒன்று கிடைக்கவும் செய்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டையையே பார்த்தாள். பிறகு சில்லைச் சாக்கடையில் போட்டுவிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"இசக்கி, சாயங்காலம் வா. வண்டி பக்கம் போவாத. நேரா தேக்சாவாண்ட வா."

"இப்பம் மணி ஆறுதானக்கா" என்றாள் இசக்கியம்மாள் தூக்கக் கலக்கத்தில்.

"அதான், மறந்துருவேன்னு இப்பவே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஹாஜிரா பீ திரும்பினாள். திரும்புகிறபோது, லாரி இன்றைக்குப் பத்து மணிக்கு வரும் என்று சந்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு சத்தம் போட்டாள். எதிர் வீட்டில் குடத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள்.